பச்சிரும்புப் பின்

"உங்கண்ணங்கிட்ட சொல்லு, கயித்துல கிரீஸே இல்ல. மாட்டுக்கு வெளக்கெண்ண தடவுற மாரி இழுவி வச்சிருக்கான்."

"உம் புருசங்கிட்ட சொல்லு, கண்ணு பொடனியில இருந்தா நான் என்னா பண்றது? ரெண்டு டப்பா காலி."

ராசாங்கம் வண்டியின் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தான். செல்லப்பன் அதே வண்டியின் முன் பம்பருக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விஞ்சு உருளையில் கம்பிக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான். கையை நீட்டினால் இவன் தோளை அவன் தொட்டுவிடலாம். ஆனால் இவன் பேச்சு அவன் காதுக்குப் போக வேண்டுமானால் நடுவில் செங்கமலம் நிற்க வேண்டும். ஒருத்தனுக்கு அவள் பொண்டாட்டி, இன்னொருத்தனுக்குக் கூடப் பிறந்தவள்.

"கிரீஸ் இன்னுங் கொஞ்சம் வச்சா நல்லாருக்கும்ங்கிறாருண்ணே" என்றாள் அந்தப் பக்கம். "டப்பா தீந்துருச்சாம், வாங்கியாரணுமாம்" என்றாள் இந்தப் பக்கம்.

ரெண்டு வருசமாக அவளுக்கு இதுதான் பிழைப்பு. இவன் வாயிலிருந்து வருவதை முறத்தில் போட்டுப் புடைத்து, கெட்ட வார்த்தையை எல்லாம் பறக்க விட்டுவிட்டு, மிஞ்சுகிற நாலு நல்ல சொல்லைக் கொண்டுபோய் அங்கே கொட்டுவாள். அங்கேயிருந்தும் அப்படியே. ரெண்டு பேருக்கும் தெரியும், தான் சொன்னது அப்படியே போய்ச் சேராது என்று. அதனாலேயே இன்னும் ரெண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினார்கள். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது ஓசை கொடுக்கும். இவளுக்கு அதுவும் கிடையாது.

எல்லாம் ஒரு காது குத்தில் வந்த வினை. மகள் தனத்துக்கு ஐயனார் கோயிலில் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் செல்லப்பன் அரியலூரிலிருந்து சீர்த்தட்டோடு வந்த பஸ் குன்னத்துக்குப் பக்கத்தில் பஞ்சர். ஆசாரி ஊசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நல்ல நேரம் போகிறது. ராசாங்கத்துக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே இல்லை. தூரத்து முறையில் மச்சான் ஒருத்தனைப் பிடித்து உட்கார வைத்துக் குத்தி முடித்துவிட்டான். புது வளையல், பட்டுப் பாவாடை, தேங்காய் பழம் எல்லாம் தலைமேல் சுமந்துகொண்டு வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்த செல்லப்பன், பிள்ளையின் காதில் ரத்தத்தைப் பார்த்தான்.

"தாய்மாமன் செத்துட்டான்னு நெனச்சிட்டியா?"

"சோத்து நேரத்துக்கு வர்றவனுக்குப் பேரு தாய்மாமனா?"

அவ்வளவுதான். சீர்த்தட்டு மண்ணில் விழுந்தது. செல்லப்பன் ஐயனாருக்கு முன்னால் சூடத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்தான். "இவங்கிட்ட ஒரு வார்த்தை பேசுனா என் நாக்கு அழுவிப் போவட்டும்." நான் மட்டும் இளைத்தவனா என்று ராசாங்கமும் ஒரு சூடத்தை அணைத்தான். பூலாம்பாடிப் பக்கம் வெட்டுப்பழி குத்துப்பழி ஆனவர்கள்கூடப் பத்து வருசம் கழித்துப் பேசிக்கொண்டது உண்டு. சூடத்தை அணைத்துவிட்டுப் பேசினவன் கிடையாது.

அந்த வண்டி மட்டும் இல்லாவிட்டால் ஆளுக்கொரு திக்காகப் போய்த் தொலைந்திருப்பார்கள். காது குத்துக்கு ஆறு மாசம் முன்னால்தான் ரெண்டு பேரும் சேர்ந்து திருச்சியில் ஏலம் எடுத்திருந்தார்கள். பட்டாளத்தில் கழித்துப்போட்ட வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். முன்னால் பம்பரில் விஞ்சு. இன்ஜின் ஓடுகிற வேகத்தில் உருளை சுற்றிக் கயிற்றை இழுக்கும். செல்லப்பன் பத்து வருசம் பட்டாளத்தில் பள்ளத்தில் விழுந்த வண்டிகளைத் தூக்குகிற கூட்டத்தில் இருந்தவன். கயிறும் கப்பியும் அவனுக்கு அத்துப்படி. ராசாங்கமோ, சக்கரம் வைத்த எதையும் ஓட்டுவான். ஒருத்தன் இல்லாமல் இன்னொருத்தனுக்கு அந்த வண்டி வெறும் தகரம். வண்டியை ரெண்டாக அறுத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ள முடியுமா? அதனால் வண்டியை விடவும் இல்லை, வீம்பை விடவும் இல்லை.

செங்கமலம் வீட்டில் இல்லாத நேரத்தில் வண்டியிடம் பேசுவார்கள். "ஏ வண்டி, உன் பின்னாடி டயர்ல காத்து இல்ல, சில பேருக்கு அது தெரியாது" என்று செல்லப்பன் சொல்வான். "ஏ வண்டி, காத்தடிக்கிற பம்பு யார் வூட்டுல கெடக்குன்னு கேளு" என்று ராசாங்கம் சொல்வான். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

எண்பத்து மூணாம் வருசம், ஐப்பசி மாசக் கடைசி. எறையூரில் சர்க்கரை ஆலை வந்து அஞ்சாறு வருசம் ஆகிவிட்டது. சோளமும் கம்பும் விளைந்த காட்டில் எல்லாம் கரும்பு. கார்த்திகையில் அரவை ஆரம்பித்தால் மழையும் கூடவே வரும். கரிசக்காட்டு வண்டிப்பாதையில் பாரம் ஏற்றின லாரி இறங்கினால் அச்சு வரைக்கும் மண் தின்றுவிடும். பத்து ஜோடி மாட்டைக் கட்டி இழுத்தாலும் அசையாது. கரும்பு காய்ந்துவிடும். அதனால் லாரிக்காரர்களும் கரும்பு போட்டவர்களும் கூடிப் பேசி, இந்த வருசம் ஒரு இழுவை வண்டியை சீசன் முழுக்க நிறுத்திக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். யார் வண்டி என்பதற்கு ஒரு போட்டி. வெட்டு மேஸ்திரி நடராசன் கையில் கடிகாரம் இருக்கும். ஏரிக்குள் பாரத்தோடு ஒரு லாரியை இறக்கிப் புதைய விடுவது. எவன் வண்டி சீக்கிரம் கரையேற்றுகிறதோ அவனுக்குத்தான் சீசன்.

போட்டிக்கு நின்றது ரெண்டே வண்டி. இன்னொன்று வாலிகண்டபுரம் கிருஷ்ணமூர்த்தியுடையது. நாற்பது ஏக்கர்க்காரன். புது ஜீப்பு, புது விஞ்சு, புதுக் கயிறு. கயிற்றுக்கு ஒருத்தன், லீவருக்கு ஒருத்தன், இரண்டு பேரும் நாள் பூராவும் 'ஏய் இழு, ஏய் விடு' என்று வாய் ஓயாமல் கத்திக்கொள்கிறவர்கள்.

ராசாங்கம் ரெண்டு மாசமாக வண்டியைக் கட்டினான். சைலன்சர் குழாயைத் தண்ணி ஏறாதபடிக்கு வண்டித் தலைக்கு மேலே தூக்கிவிட்டான். சக்கரங்களுக்குச் சங்கிலி. பின் தொட்டியில் கருங்கல். பெரம்பலூர் லேத்துப் பட்டறையில் விஞ்சுப் பல்லைக் கடைந்து வாங்கி வந்தான். கயிறு மட்டும் புதுசு வாங்க முடியவில்லை. அரியலூர் பழைய இரும்புக் கடையில் கிடந்ததை எடுத்து வந்தார்கள். அதில் அங்கங்கே கம்பி அறுந்து முள்ளு முள்ளாக நிற்கும். கிரீஸ் தடவுகிறபோது செங்கமலத்தின் உள்ளங்கையைக் கிழிக்கும்.

அவள் கைக்கு அது புதுசில்லை. அஞ்சு வருசம் கரும்பு வெட்டின கை. தோகை அறுத்து அறுத்து முழங்கை வரைக்கும் கோடு கோடாக இருக்கும். விடியக் கருக்கலில் குனிந்தால் பொழுது சாயத்தான் நிமிர முடியும். நிமிர்ந்தாலும் முதுகு நிமிராது. "இந்தப் போட்டியில மட்டும் செயிச்சுட்டம்னா வெட்டுக்கத்தியப் பரண்ல தூக்கிப் போட்டுரு. சாவுற வரைக்கும் நீ கரும்புக்காட்டுல கால வக்கக் கூடாது" என்று ராசாங்கம் சொல்லியிருந்தான். கோபக்காரன்தான், வாய் நீளம்தான். ஆனால் அந்தச் சொல்லை அவன் சொன்னபோது செங்கமலத்துக்கு அழுகை வந்துவிட்டது. தெய்வமே, இது மட்டும் நடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

விஞ்சில் ஒரு பின் உண்டு. இன்ஜினிலிருந்து வருகிற தண்டையும் உருளையையும் சேர்த்துக் கோக்கிற விரல் நீளக் கம்பி. அது பச்சிரும்பில்தான் இருக்க வேண்டும். பாரம் அளவுக்கு மேல் போனால் கயிறு அறுவதற்கு முன்னால் அது அறுந்து இழுவையை நிறுத்திவிடும். "சாவு வந்தா முன்னாடி நின்னு வாங்கிக்கிறது இந்தப் பின்னுதான் ஆயி" என்று செல்லப்பன் தங்கச்சிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். அரத்தை வைத்துத் தேய்த்தால் மாவு மாதிரி கொட்டினால் பச்சிரும்பு, வழுக்கிக்கொண்டு போனால் உருக்கு. பின் வெட்டி வைப்பது அவள் வேலை. பத்துப் பன்னிரண்டு பின்களைத் துணியில் முடிந்து எப்போதும் மடியில் வைத்திருப்பாள்.

போட்டிக்கு முதல் நாள் மத்தியானம். கம்மஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் ஆக்கி வைத்துவிட்டு, விஞ்சுக்குக் கிரீஸ் வைக்கக் குனிந்தவளுக்குத் திக்கென்றது. பின் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு மூலைத் தலையோடு கறுப்பாக ஒரு போல்ட். அரத்தை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தாள். வழுக்கியது.

"ஏங்க, என்னா போல்ட்டு இது?"

"லாரி ஸ்பிரிங் பட்டையில போடுற சென்டர் போல்ட்டு." ராசாங்கம் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான். "நேத்து ஒத்திகையில நாலு தரம் டப்பு டப்புன்னு பின்னு அறுந்துச்சு. கிருஷ்ணமூர்த்தி ஆளுவ கரையில நின்னு சிரிக்கிறானுவ. 'கரும்பு வெட்டுன கைக்கு ஸ்டீரிங்கு எதுக்குடா'ன்னு கேக்குறானுவ. இது அறுவாது."

"பின்னு அறுவலன்னா கயிறுல்ல அறுவும்?"

"அறுவாது."

"கப்பியப் போட்டு இழுத்தாதான் பாரம் பாதியாயிடுங்குமே அண்ணன்."

ராசாங்கம் தட்டைத் தள்ளிவிட்டான். "கப்பி போட்டா அடிக்கு அடி உங்கண்ணன் 'இழு, நிறுத்து, விடு'ன்னு சொல்லணும். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நடுவுல எம்பதடி. நீ ஓடியாந்து சொல்றதுக்குள்ள கிருஷ்ணமூர்த்தி லாரியக் கரையேத்திட்டு வூட்டுக்குப் போயி சோறு தின்னுருவான்."

"நீங்களே பேசிக்கிட்டா என்னாங்க?"

"செருப்பால அடிப்பேன். சூடத்த அணைச்சது விளையாட்டுக்கா?"

"அந்தக் கயிறு அறுந்தா அண்ணன் நிக்கிற பக்கந்தான அடிக்கும்? அதோட காலு…"

அவன் கொஞ்ச நேரம் வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தான். ஒரு வெங்காயம் உரிக்க எவ்வளவு நேரம் வேண்டும்? பிறகு எழுந்து வந்து, தூங்கிக்கொண்டிருந்த தனத்தின் தலையில் செங்கமலத்தின் கையை இழுத்து வைத்தான்.

"போல்ட்டப் பத்தி உங்கண்ணங்கிட்ட வாயத் தெறக்க மாட்டேன்னு சொல்லு. தெரிஞ்சா உருவிப் போட்டுருவான். தள்ளி நிக்கச் சொல்லு, அது போதும். சொல்லு, புள்ள மேல."

சொன்னாள். வேறு என்ன செய்வாள்?

மறுநாள் ஏரிக்கரையில் ஐந்நூறு சனம். தூறல் அப்போதுதான் விட்டிருந்தது. சுண்டல்காரன்கூட வந்துவிட்டான். ஏரிக்குள் களிமண் வெண்ணெய் மாதிரி கிடந்தது. கரும்பு லாரி அச்சு வரை இறங்கி நின்றது. வண்டிக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டிவிட்டு, மிச்சச் சூடத்தையும் தீப்பெட்டியையும் முந்தியில் முடிந்துகொண்டாள் செங்கமலம்.

"அண்ணே, கயித்துக்குப் பக்கத்துல நிக்காத. தள்ளி நில்லு."

செல்லப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "ஏன், உம் புருசன் சொல்லச் சொன்னானா?"

"நாந்தான் சொல்றேன்."

"கயிறு எங்க இருக்கோ அங்கதான் கயித்துக்காரன் நிப்பான். பயந்தாங்கொள்ளின்னு அவன் பேசவா? போ, சாக்க நனச்சு எடுத்தா."

இழுவை நடக்கிறபோது கயிற்றின் மேல் நனைந்த சாக்கைப் போட்டு வைப்பார்கள். அறுந்தாலும் கயிறு துள்ளாமல் இருக்க. இத்தனை பெரிய பாரத்துக்கு அந்தச் சாக்கு எந்த மூலைக்கு என்று அவளுக்கும் தெரியும்.

முதலில் கிருஷ்ணமூர்த்தி வண்டி. சனம் முழுக்கத் தண்ணி ஓரத்துக்கு ஓடியது. ராசாங்கமும் செல்லப்பனும் ஆளுக்கொரு பக்கம் எட்டி எட்டிப் பார்த்தார்கள். செங்கமலம் மட்டும் வண்டிக்கு முன்னால் நின்றாள். வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் பிள்ளை மேல் ஆணையிட்டாள். கையை வைக்க மாட்டேன் என்று யாரும் ஆணை வாங்கவில்லையே. ஸ்பேனரை எடுத்தாள். மண்ணில் மல்லாந்து படுத்து பம்பருக்குக் கீழே நுழைந்தாள். பரண் மேல் ஏற வேண்டிய வெட்டுக்கத்தி கண்முன்னே வந்து நின்றது. அடுத்தாற்போல, செல்லப்பன் சேற்றில் கால் இல்லாமல் கிடப்பதும் வந்து நின்றது. நட்டைக் கழற்றி, சுத்தியால் ரெண்டு தட்டு. போல்ட் கையில் வந்து விழுந்தது. மடியிலிருந்து பச்சிரும்புப் பின்னை எடுத்துச் சொருகி முனையை மடக்கினாள். எழுந்து முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டபோது கரையில் விசில் சத்தம் காதைப் பிளந்தது.

"இருபத்திரெண்டு நிமிசம்!" என்று நடராசன் கத்தினார்.

லாரியைத் திரும்பவும் அதே பள்ளத்தில் இறக்கினார்கள். இவர்கள் முறை. பின்பக்கத்துச் சங்கிலியைப் புளியமரத்தில் கட்டி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கயிற்றை இழுத்துப் போய் லாரியில் கொக்கியை மாட்டினான் செல்லப்பன். கயிற்றின் ஓரத்திலேயே நின்றான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, யாரோ படம் பிடிக்கப் போகிற மாதிரி நின்றான்.

ராசாங்கம் லீவரைப் போட்டான். கயிறு விறைத்தது. வண்டி முக்கியது. லாரி ஒரு சாண் அசைந்தது. டப். உருளை நின்றுவிட்டது.

கரையில் சிரிப்பு. ராசாங்கம் இறங்கி ஓடி வந்து குனிந்தான். அறுந்து தொங்கிய பின்னைப் பார்த்தான். தலை நிமிர்ந்து செங்கமலத்தை முறைத்தான். ஆனால் கடிகாரம் ஓடுகிறது.

"போல்ட்டு எங்கடி?"

"மடியில இருக்கு. குடுக்க மாட்டேன்."

"குடுடி!"

"கத்துனீங்கன்னா ஏரியில வீசிருவேன்." சொல்லிக்கொண்டே அடுத்த பின்னைச் சொருகினாள்.

ரெண்டாவது பின்னும் போனது. "என்னா ராசாங்கம், கயிறு இழுக்குதா, கண்ணாமூச்சி ஆடுதா?" என்று கிருஷ்ணமூர்த்தி கரையிலிருந்து கத்தினான். சனம் கைதட்டியது. அப்போதுதான் செல்லப்பன் அந்தப் பக்கத்திலிருந்து அலறினான். "ஏ செங்கமலம், கப்பியப் போடச் சொல்லு அந்தக் கெடா மாட்ட!"

"கப்பி போட்டா ஆவும்ங்குதுங்க!"

வேறு வழியில்லை. கப்பியைத் தூக்கிக்கொண்டு அவளே ஓடினாள். லாரியில் கப்பியை மாட்டி, கயிற்றை அதற்குள் விட்டுத் திருப்பிக்கொண்டு வந்து புளியமரத்தில் கட்டினார்கள். இப்போது பாரம் பாதி, வேகமும் பாதி. லாரிச் சக்கரம் ஒரு பக்கம் ஏறினால் இன்னொரு பக்கம் புதைகிறது. செல்லப்பன் பலகை போடணும், கயிற்றை விடச் சொல்லணும், இழுக்கச் சொல்லணும். இன்ஜின் இரைச்சலில் அவன் கத்துவது ராசாங்கம் காதுக்குக் கேட்காமல் இல்லை. நன்றாகவே கேட்டது. ஆனால் அவன் லீவரில் கை வைத்துக்கொண்டு செங்கமலம் வருகிற வழியையே பார்த்தான்.

"நிறுத்தச் சொல்லு!"

ஓடினாள். களிமண் முழங்கால் வரைக்கும் பிடித்து இழுத்தது. "நிறுத்தச் சொல்லுதுங்க."

"பலக போட்டாச்சான்னு கேளு!"

ஓடினாள். "போட்டாச்சாண்ணே?"

"போட்டாச்சு, மெதுவா இழுக்கச் சொல்லு! மெதுவான்னு சொல்லு, அந்த மூளகெட்ட நாயிகிட்ட!"

ஓடினாள். எம்பதடி அங்கே, எம்பதடி இங்கே. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டாள். ரெண்டு தரம் குப்புற விழுந்தாள். சனம் முதலில் சிரித்தது, பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டது. "அட, வாயத் தெறந்து பேசித் தொலைங்கடா, பொம்பள சாவுறா" என்று ஒரு கிழவர் கத்தினார். எவன் கேட்டான்? மூச்சு வாங்கி நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது அவளுக்கு. அவளுடைய முறம் பிய்ந்துபோய்விட்டது. கடைசியில் கெட்ட வார்த்தையைக்கூடப் புடைக்க நேரமில்லாமல் அப்படியே கொண்டுபோய்க் கொட்டினாள்.

லாரி அசைந்து, திமிறி, சேற்றை உமிழ்ந்துகொண்டு கரையேறியது.

"இருபத்தாறு நிமிசம்" என்றார் நடராசன். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

கிருஷ்ணமூர்த்தியை ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். போகிற போக்கில், "கத்திக்குச் சாணை புடிச்சு வச்சுக்க செங்கமலம், எங்க காட்டுலதான் மொத வெட்டு" என்றான். சனம் கலைந்தது. புளியமரத்தடியில் வண்டியும் இவர்கள் மூணு பேரும் மிஞ்சினார்கள். கொஞ்சம் தள்ளி நடராசன் மேஸ்திரி கரையில் உட்கார்ந்து கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்.

ராசாங்கம் செங்கமலத்தின் மயிரைப் பிடிக்கக் கையை ஓங்கினான். ஓங்கிய கை பாதியில் நின்றது. திரும்பினான். ரெண்டு வருசத்தில் முதல் தடவையாக நேருக்கு நேராகச் செல்லப்பனைப் பார்த்தான்.

"மச்சான், உன் தங்கச்சி பண்ணுன வேலயப் பாத்தியா? நான் போல்ட்டு போட்டு வச்சிருந்தேன். மலையக் கட்டுனாலும் இழுத்திருக்கும். இவ உருவிட்டு ஈயக்கம்பியச் சொருகியிருக்கா. குடியக் கெடுத்துட்டா மச்சான்."

மச்சான்! செங்கமலத்துக்கு ஒரு நொடி உடம்பு சிலிர்த்தது. இந்த ஒரு சொல்லுக்காக ரெண்டு வருசமாக அவள் வேண்டாத சாமி இல்லை. செல்லப்பன் சூடத்தை நினைத்தானோ என்னமோ, உள்ளங்கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டான். பிறகு வாயைத் திறந்தான்.

"தெரியும் மாப்ள. நீ போல்ட்டு போட்டப்பவே பாத்தேன்."

"பாத்தியாண்ணே?" என்றாள் செங்கமலம். "பாத்துட்டா கயித்துப் பக்கம் போயி நின்ன?"

"பின்ன என்னா பண்ணச் சொல்ற? யாருகிட்டப் போயி சொல்றது?"

"எங்கிட்ட சொல்றதுக்கு என்னா? நான் செத்தா போயிட்டேன்?"

"உங்கிட்ட சொன்னா நீ பதமா போயி அவன்கிட்ட சொல்லுவ. செல்லப்பன் பயந்துட்டான்னு ஆயிரும். போனா என் காலு போவுது. உன்னை யாரு கேட்டா? மாப்ள சொல்றது நெசந்தான். போல்ட்டு இருந்திருந்தா செயிச்சிருப்பம்."

செங்கமலம் கயிற்றின் கொக்கி முனையை இழுத்து வந்து அவர்கள் காலடியில் போட்டாள். கொக்கிக்கு ஒரு முழம் தள்ளி, ஆறு புரியில் மூணு புரி அறுந்து பிரிந்து நின்றது. பாதி பாரத்துக்கே இந்தக் கதி. ரெண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"சரி, தப்பிச்சுது" என்றான் ராசாங்கம் கடைசியில். "அதுக்காவ? நாலு நிமிசத்துல போச்சே மச்சான், நாலே நிமிசம்."

"ஆமா மாப்ள. பொம்பள மூக்க நொழச்சா இப்பிடித்தான்."

தன் மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிராளிக்குச் சகுனத்தடை பண்ணுகிற சாதி ஆம்பளைச் சாதி. அவளுக்கு அழுகை வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது, காறித் துப்புகிற மாதிரி ஒரு சிரிப்பு.

"நாலு நிமிசம் எங்க போச்சுன்னு தெரியுமா? இந்தா, இங்க இருக்கு." சேறு அப்பிய காலைத் தூக்கிக் காட்டினாள். "ஒருத்தன் கத்துறது இன்னொருத்தன் காதுல விழுந்துச்சு. நான் வந்து சொல்ற வரைக்கும் கல்லாட்டம் இருந்தீங்க. நான் ஓடுன நேரந்தான் நீங்க தோத்த நேரம். இப்ப மட்டும் எப்பிடிப் பேச்சு வந்துச்சு? ரெண்டு வருசமா வராத பேச்சு, என்னைத் திட்டுறதுக்குன்னா வந்துருமா? சூடம், நாக்கு அழுவுறது, எல்லாம் எங்க போச்சு?"

"அடியே, வாய மூடு" என்றான் ராசாங்கம்.

"மூடிக்கிறேன்."

முந்தி முடிச்சை அவிழ்த்தாள். மடியிலிருந்த போல்ட்டை எடுத்து வண்டியின் பம்பர் மேல் வைத்தாள். பக்கத்தில் சூடத்தை வைத்துக் கொளுத்தினாள். ஈரக்காற்றில் ரெண்டு தரம் அணைந்து மூணாம் தரம்தான் பிடித்தது. ரெண்டு ஆம்பளைகளும் என்ன செய்கிறாள் என்று புரியாமல் நின்றார்கள். அவள் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏ வண்டி, நீ கேட்டுக்க. இந்த ரெண்டு பேருகிட்டயும் சொல்லிரு. இன்னையோட இவங்ககிட்ட எனக்குப் பேச்சு இல்ல. என் வாயால ஒரு வார்த்தை இவங்க காதுக்குப் போவாது."

எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கம்பி முள் கிழித்த இடத்தில் சுரீரென்று காந்தியது. கையை எடுத்தபோது கறுப்பாக ஒரு வட்டம்.

"ஏ செங்கமலம், என்னா பைத்தியக்காரத்தனம் இது?" செல்லப்பன் ஓரடி முன்னால் வந்தான். "ஆயி, இங்க பாரு."

அவள் சாக்கை எடுத்துப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள்.

"மச்சான், உன் தங்கச்சிய நிக்கச் சொல்லு" என்றான் ராசாங்கம்.

"உம் பொண்டாட்டிதான மாப்ள, நீ சொல்லேன்."

"எங்கிட்டதான் பேச மாட்டேங்கிறாளே."

"எங்கிட்ட மட்டும் பேசுறாளா?"

இந்தப் பேச்சு அவள் முதுகுக்குப் பின்னால் வளர்ந்துகொண்டே போனது. அவள் கரையேறி, கால் கழுவிக்கொண்டிருந்த நடராசனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"மேஸ்திரி, நாளைக்கு எந்தக் காட்டுல வெட்டு?" என்று கேட்டாள்.